மதம் இரண்டு, நாடு இரண்டு: எந்தச் சட்டத்தின் கீழ் திருமணம்?

துபாயிலோ சிங்கப்பூரிலோ லண்டனிலோ வேலை பார்க்கும் இருவர். ஒருவர் இந்து, மற்றவர் கிறிஸ்தவர் அல்லது முஸ்லிம். கல்யாணம் என்று முடிவானதும் அவர்கள் முதலில் கேட்பது "எது சீக்கிரம் முடியும்?" என்பதைத்தான். விடுப்பு குறைவு, விசா தேதி நெருங்குகிறது, வீட்டில் பேச்சு இன்னும் ஓயவில்லை. அந்த அவசரம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் வேகத்தை முதல் அளவுகோலாக வைக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன். நம் நாட்டில் திருமணம் நடந்த சட்டம் எதுவோ, அதைப் பொறுத்துத்தான் ஒருவர் இறந்தால் சொத்து யாருக்குப் போகும், பிரிய நேர்ந்தால் எந்தக் காரணங்கள் செல்லும், வெளிநாட்டு நீதிமன்றத்தின் தீர்ப்பை இங்கே ஏற்பார்களா என்பதெல்லாம் முடிவாகிறது. சான்றிதழில் அந்தச் சட்டத்தின் பெயர் ஒரே ஒரு வரிதான். அந்த வரியைத் தேர்ந்தெடுக்கும் வேலையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. இருவரில் ஒருவராவது இந்தியக் குடியுரிமை உள்ளவர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில், வழி போலத் தெரிந்து வழியல்லாத ஒன்றை விலக்கிவிடலாம். விடுமுறையில் ஊருக்கு வந்து, கோயிலில் தாலி கட்டி, இந்துத் திருமணச் சட்டத்தின் கீழ் பதிந்துகொண்டு திரும்புகிறவர்கள் உண்டு. 1955-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் இருவரும் இந்துக்களாக (பௌத்தர், சமணர், சீக்கியர் உட்பட) இருந்தால் மட்டுமே பொருந்தும். கத்தோலிக்க மணமகன், இந்து மணமகள், கோயில் திருமணம், முறையான பதிவு என்று எல்லாம் இருந்த ஒரு வழக்கில், அந்தத் திருமணம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் சொல்லிவிட்டது. பதிவேட்டில் ஏறியது அதைக் காப்பாற்றவில்லை. சுயமரியாதைத் திருமணமும் இப்படித்தான். இந்துத் திருமணச் சட்டத்தில் 1967-இல் தமிழ்நாடு சேர்த்த 7-ஏ பிரிவு சாதி கடந்த எத்தனையோ திருமணங்களுக்குச் சட்டத் தகுதி தந்தது. அதற்காக நாம் பெருமைப்படலாம். ஆனால் அந்தப் பிரிவே "இரண்டு இந்துக்களுக்கு இடையே" என்றுதான் தொடங்குகிறது. மதம் கடந்த இணை மாலை மாற்றிக்கொள்ளலாம், உறுதிமொழி சொல்லலாம், ஊரைக் கூட்டிச் சாப்பாடு போடலாம். சட்டப்படியான திருமணத்தை வேறோர் இடத்தில்தான் செய்துகொள்ள வேண்டும். 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் எல்லா மதத்தினருக்கும் பதிவைக் கட்டாயமாக்கியது என்றாலும், செல்லாத திருமணத்தை அந்தப் பதிவு செல்லுபடியாக்காது.

இந்து–கிறிஸ்தவ இணைக்கு மட்டும், பலரும் கவனிக்காத ஒரு வாசல் இருக்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம், இருவரில் ஒருவர் கிறிஸ்தவராக இருந்தாலே போதும் என்கிறது. மற்றவர் ஞானஸ்நானம் பெற வேண்டும் என்று சட்டம் கேட்பதில்லை. கத்தோலிக்கத் திருச்சபையிலும் ஆயரின் விதிவிலக்கு அனுமதி பெற்று இப்படி மணம் முடிக்கலாம். தேவாலயத்தில் மணம் முடிப்பது முக்கியம் என்றால் இது கண்ணியமான வழி.

மதம் மாறிச் செய்துகொள்ளும் திருமணம் அடுத்தது. ஒருவர் மனமுவந்து நம்பிக்கையை மாற்றிக்கொண்டால் அது அவருடைய உரிமை. அதைப் பற்றி நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை. சான்றிதழுக்காக, விசாவுக்காக, "ஒரு கையெழுத்துதானே" என்று மாறுவதைத்தான் எதிர்க்கிறேன். அதன் விலை பெரியது. பட்டியல் சாதியைச் சேர்ந்த இந்து ஒருவர் கிறிஸ்தவத்துக்கோ இஸ்லாமுக்கோ மாறினால், 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி அந்தத் தகுதியை இழக்கிறார். இட ஒதுக்கீடும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் அதோடு போய்விடும். மதம் மாறாமலே மணக்க இடம் தரும் சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் மணந்தால் அந்த இழப்பு இல்லை. உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், குஜராத் போன்ற மாநிலங்களில் திருமணத்துக்கான மதமாற்றத்தைக் குற்றவியல் சட்டமே கண்காணிக்கிறது. துணைவரின் ஊர் அங்கே இருந்தால் வில்லங்கம் இரட்டிப்பு. மதம் மாறாமல் முஸ்லிம் ஆண் ஒருவர் இந்துப் பெண்ணை நிக்காஹ் செய்தாலோ, அது முழுமையான திருமணமும் ஆகாது, அறவே செல்லாததும் ஆகாது. "முறையற்ற திருமணம்" என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் விளக்கியது. பிள்ளைகளுக்கு வாரிசுரிமை உண்டு. மனைவிக்கு மஹர் (கணவர் தர வேண்டிய மணக்கொடை) உண்டு, கணவரின் சொத்தில் பங்கு கிடையாது. தன் மகளை இப்படி ஓர் ஏற்பாட்டில் நிறுத்த எந்தத் தகப்பனுக்கு மனம் வரும்?

ஆக, உண்மையான போட்டி மூன்று வழிகளுக்குள்தான்: ஊரில் சிறப்புத் திருமணச் சட்டம், வாழும் நாட்டின் சிவில் திருமணம், இந்தியத் தூதரகத்தில் திருமணம்.

சிறப்புத் திருமணச் சட்டம், 1954

மதம் எதுவென்று பொருட்படுத்தாத சட்டம் இது. ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 வயது, வேறு துணை உயிரோடு இருக்கக் கூடாது, விலக்கப்பட்ட உறவாக இருக்கக் கூடாது, சம்மதம் சொல்லும் மனநிலை வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை. தமிழ்நாட்டில் சார்பதிவாளர் அலுவலகத்தில் இது நடக்கிறது. வெளிநாட்டில் இருப்பவர்களை இழுத்துப் பிடிப்பது இரண்டு முப்பது நாட்கள். அறிவிப்பு கொடுக்கும் நாளுக்கு முன் இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் முப்பது நாட்கள் தங்கியிருக்க வேண்டும். அறிவிப்பு ஒட்டிய பிறகு ஆட்சேபணைக்காக இன்னொரு முப்பது நாட்கள். இருவரும் வெளிநாட்டில் இருந்தால் இரண்டு மாதம் என்று கணக்கு வரும்.

ஆனால் அந்த இரண்டு மாதமும் இருவரும் ஊரில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. ஒருவர் ஊரில் இருப்பவராக இருந்தால் தங்கும் நிபந்தனை அவராலேயே நிறைவேறும். அறிவிப்பு கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் வரை அது உயிரோடு இருக்கும் என்பதால், கொடுத்துவிட்டு வேலைக்குத் திரும்பி, முப்பது நாள் கழித்து வந்து மூன்று சாட்சிகளோடு மணம் முடிக்கலாம். திரும்பி வரவே முடியாத நிலையும் வரலாம். கன்னியாகுமரி மாவட்டப் பெண் ஒருவருடைய வழக்கில், காத்திருப்புக் காலம் முடிந்தும் அலுவலர் மணம் முடித்து வைக்காததால் மணமகன் அமெரிக்கா திரும்ப நேர்ந்தது. காணொளி வழியாகவே மணம் முடித்துவைக்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு 2022 ஜூலையில் உத்தரவிட்டது. அது நீதிமன்றத்துக்குப் போய்ப் பெற்ற நிவாரணம்; அலுவலகத்தில் கேட்டதும் கிடைக்கும் வசதி என்று எண்ணிவிட வேண்டாம்.

இந்த வழியின் உண்மையான பயம் அறிவிப்புப் பலகைதான். பெயர், முகவரியோடு தாள் ஒட்டப்படும். நிரந்தர முகவரி வேறு மாவட்டத்தில் இருந்தால் அங்கும் ஒரு பிரதி போகும். வீட்டுக்குத் தெரியாமல் மணம் முடிக்க நினைப்பவர்களுக்கும், சாதி வெறியும் மத வெறியும் பின்தொடரும் என்று அஞ்சுபவர்களுக்கும் அந்த முப்பது நாட்கள் சாதாரணமானவை அல்ல. இந்த அறிவிப்புகளை வைத்து இணைகளைத் துன்புறுத்தினார்கள் என்பதால்தான் கேரளம் 2020-இல் அவற்றை இணையத்தில் வெளியிடுவதை நிறுத்தியது. அலகாபாத் உயர் நீதிமன்றம் 2021 ஜனவரியில், இணை விரும்பினால் மட்டுமே அறிவிப்பை வெளியிட வேண்டும் என்று சொன்னது. தமிழ்நாட்டு அலுவலகங்களை அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது. ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள்: வயது, உறவு, முந்தைய திருமணம் போன்ற சட்ட நிபந்தனை மீறப்பட்டிருந்தால்தான் ஆட்சேபணை நிற்கும். "எங்களுக்குப் பிடிக்கவில்லை" என்பது ஆட்சேபணையே அல்ல. மிரட்டல் வந்தால், 2018-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைப்படி மாவட்டக் காவல்துறையிடம் பாதுகாப்பு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இனி, பலரும் விட்டுவிடும் சொத்து விஷயம். இந்து ஒருவர் இந்து அல்லாதவரை இந்தச் சட்டத்தின் கீழ் மணந்தால், 19-ஆம் பிரிவு அவரைக் கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்தவராகக் கருதுகிறது. பலர் இதைக் கேட்டு, பரம்பரைச் சொத்து போய்விடும் என்று பதறுகிறார்கள். போகாது. அந்த நாளோடு பாகம் பிரிந்ததாகக் கணக்கு. உங்கள் பாகம் உங்களுடையதே. 21-ஆம் பிரிவு இன்னும் ஆழமானது. உங்கள் சொத்துக்கும் உங்கள் பிள்ளைகளின் சொத்துக்கும் 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். அதன்படி, உயில் எழுதாமல் கணவர் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. தாய்க்கு ஒன்றுமில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் மனைவி, பிள்ளைகளோடு தாய்க்கும் சம பங்கு உண்டு. மகன் அனுப்பும் பணத்தில் வாழும் விதவைத் தாய்க்கு இந்த வேறுபாடு வாழ்வா சாவா என்பது. ஒரு உயில் எழுதினால் இது தீர்ந்துவிடும். மணப் பதிவு முடிந்த மாதத்திலேயே இருவரும் உயில் எழுதுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

முஸ்லிம் துணைவருக்கோ இதே பிரிவு கதவைத் திறக்கிறது. முஸ்லிம் தனிச் சட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத வாரிசுகளின் சம்மதம் வேண்டும். சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் மணந்தவருக்கு அந்த வரம்பு இல்லை. 2023-இல் கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் ஒரு முஸ்லிம் வழக்கறிஞரும் அவர் மனைவியும், ஏற்கெனவே நிக்காஹ் ஆனவர்கள், தங்கள் மகள்களுக்கே சொத்து முழுதும் சேர வேண்டும் என்பதற்காக இந்தச் சட்டத்தின் கீழ் மீண்டும் மணந்துகொண்டார்கள். திருமணச் சட்டத்தின் பெயர் எவ்வளவு தூரம் கை நீட்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

வாழும் நாட்டின் சிவில் திருமணம்

இங்கே எல்லாமே நாட்டைப் பொறுத்தது. அமெரிக்காவில் கவுன்டி அலுவலகத்தில் உரிமம் வாங்கினால் மதத்தைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். ஆஸ்திரேலியாவில் ஒரு மாதம் முன்பே அறிவிப்பு தர வேண்டும். இங்கிலாந்தில் 28 நாள் அறிவிப்பு. வெளிநாட்டவர் சிலருக்கு அது 70 நாளாக நீளும். அங்கே நிக்காஹ் மட்டும் செய்துகொண்டு பதிவு அலுவலகத்துக்குப் போகாதவர்கள் சட்டத்தின் பார்வையில் மணமானவர்களே அல்லர் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020-இல் சொன்னது. சடங்கை எங்கே செய்தாலும், பதிவு அலுவலகத்தைத் தவிர்க்காதீர்கள்.

சிங்கப்பூரில் பெண்கள் சாசனம் என்ற சிவில் திருமணச் சட்டத்தின் கீழ் முஸ்லிமும் முஸ்லிம் அல்லாதவரும் மதம் மாறாமல் மணந்துகொள்ளலாம்; இருவருமே முஸ்லிம் என்றால்தான் அந்தச் சாசனம் பொருந்தாது. ஜொகூர் பாலத்தைத் தாண்டினால் நிலைமை தலைகீழ். மலேசியாவின் 1976-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் முஸ்லிம்களைத் தொடுவதே இல்லை என்பதால், முஸ்லிமை மணக்க விரும்புபவர் மதம் மாறியே ஆக வேண்டும். இந்து–கிறிஸ்தவ இணைக்கு அங்கே சிக்கல் இல்லை. மாறுவது எளிது, அதன் பின்விளைவைச் சமாளிப்பது கடினம் என்பதை மலேசியத் தமிழர்கள் நன்கு அறிவார்கள். மணவாழ்வின் நடுவே கணவர் மதம் மாறி, மூன்று பிள்ளைகளையும் தன்னிச்சையாக மாற்றிவிட, அதை எதிர்த்து ஈப்போவைச் சேர்ந்த ஒரு தமிழ்த் தாய் பல ஆண்டுகள் போராடினார். பெற்றோர் இருவரின் சம்மதமும் வேண்டும் என்று கூட்டரசு நீதிமன்றம் 2018 ஜனவரியில்தான் தீர்ப்பளித்தது. இலங்கைத் தமிழர்களுக்கு ஒரு சொல்: அங்கே 1907-ஆம் ஆண்டுப் பொதுத் திருமணச் சட்டம் இருவருமே முஸ்லிம் என்றால்தான் பொருந்தாது என்பதால், மதம் கடந்த இணைக்கு உள்நாட்டிலேயே வழி திறந்திருக்கிறது.

வளைகுடாவில் ஐக்கிய அரபு அமீரகம் பெரிய மாற்றம் கண்டது. அபுதாபி 2021-இல் முஸ்லிம் அல்லாத வெளிநாட்டவருக்கென்று சிவில் திருமணச் சட்டம் கொண்டுவந்தது. அமீரகம் முழுமைக்குமான சட்டம் 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அபுதாபியில் குறைந்தபட்ச வயது 18, அமீரகச் சட்டத்தில் 21. இந்து–கிறிஸ்தவ இணைக்கு இது உண்மையிலேயே நல்ல செய்தி. இருவரில் ஒருவர் முஸ்லிம் என்றால், விண்ணப்பிக்கும் முன் தன் குடியுரிமையையும் மதத்தையும் குறிப்பிட்டு நீதிமன்றத்திடம் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அமீரகத்தின் முஸ்லிம் குடும்பச் சட்டத்தில் முஸ்லிம் பெண் முஸ்லிம் அல்லாத ஆணை மணக்க முடியாது. ஏஜென்ட் சொல்லும் "எல்லாம் ஆகிவிடும்" என்பதை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

அப்படி வெளிநாட்டில் நடந்த திருமணத்தை இந்தியா ஏற்குமா? ஏற்கும். சடங்குமுறை அந்த நாட்டுச் சட்டப்படி சரியாக இருந்து, மணந்துகொள்ளும் தகுதி நம் சட்டப்படியும் இருவருக்கும் இருந்தால் போதும். 1969-ஆம் ஆண்டின் அயல்நாட்டுத் திருமணச் சட்டமே, தன் வழியில் நடக்காத வெளிநாட்டுத் திருமணத்தின் செல்லுபடியைத் தான் பாதிக்கவில்லை என்கிறது. ஆனால் ஏற்பது ஒன்று, நிரூபிப்பது வேறொன்று. நிரூபிக்க அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவு உதவுகிறது: உள்ளூரில் முடிந்த திருமணத்தை இந்தியத் தூதரகத்தில் பதிந்துகொள்ளலாம். அப்போது வயது உள்ளிட்ட நம் நிபந்தனைகள் நிறைவேறியிருக்க வேண்டும். வேலைப் பளுவில் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறவர்கள்தான் பிற்பாடு அதிகம் அலைகிறார்கள்.

தூதரகத்திலேயே மணம் முடிப்பது

காகிதத்தில் அழகான வழி. நடைமுறையில் மூன்றிலும் பலவீனமானது இதுதான் என்பது என் கணிப்பு. இங்கும் முப்பது நாள் தங்கல், முப்பது நாள் ஆட்சேபணைக் காலம் உண்டு. அறிவிப்பு தூதரகத்தில் மட்டுமல்லாமல் இந்தியாவிலும் வெளியாகும். வீட்டாருக்கு அஞ்சி வெளிநாட்டில் மணப்பவர்களுக்கு அதனால் ஆதாயமில்லை. அந்த நாட்டின் சட்டம் தடை செய்யும் திருமணத்தை நடத்திவைக்க அலுவலர் மறுக்கலாம் என்று அயல்நாட்டுத் திருமணச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு சொல்வதால், வளைகுடாவில் முஸ்லிம்–இந்து இணைக்கு உள்ளூரில் மூடிய கதவு தூதரகத்திலும் மூடியே இருக்கலாம். பிரிட்டன் போன்ற நாடுகளில் தூதரகக் கட்டடத்துக்குள் நடந்தது என்பதாலேயே உள்ளூர்ச் சட்டம் அதைத் திருமணமாக ஏற்காது. குடியிருக்கும் நாட்டில் மணமாகாதவராகவும் இந்தியாவில் மணமானவராகவும் வாழ்வது யாருக்கும் நல்லதல்ல.

எதை எடுப்பது?

இருவரில் ஒருவர் முஸ்லிம், வேலை வளைகுடாவில் என்றால், தயங்காமல் ஊருக்கு வந்து சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் மணந்து, சான்றிதழை முறைப்படி சான்றொப்பம் செய்து எடுத்துப் போங்கள். அமீரகம் போன்று அப்போஸ்டில் உடன்படிக்கையில் (ஒரே சான்று முத்திரையோடு பிற நாட்டு ஆவணங்களை ஏற்கும் பன்னாட்டு ஒப்பந்தம்) சேராத நாடுகளுக்கு மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அந்த நாட்டின் தூதரகம் என்று படி ஏற வேண்டும். அங்கே குடும்ப விசாவுக்கு அந்தத் தாள்தான் அடிப்படை.

சிங்கப்பூர், பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்றால், ஊரில் குடும்பம் துணை நிற்கிறதா என்பதைப் பாருங்கள். நின்றால் சிறப்புத் திருமணச் சட்டமே என் முதல் தேர்வு. 1991-இல் உச்ச நீதிமன்றம், வெளிநாட்டு நீதிமன்றம் தரும் விவாகரத்து பொதுவாக அந்தத் திருமணம் எந்தச் சட்டத்தின் கீழ் நடந்ததோ அந்தச் சட்டத்தின் காரணங்களைப் பின்பற்ற வேண்டும் என்று வகுத்தது. சட்டம் எதுவென்று ஐயமே இல்லாத திருமணத்தில் அந்தக் கேள்விக்கும் நேரான பதில் இருக்கும். மணநாளில் பிரிவைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். வெளிநாட்டில் விவாகரத்து வாங்கியும் ஊரில் இன்னும் மனைவியாகவே கருதப்பட்டு, மறுமணம் செய்ய முடியாமல் நிற்கும் பெண்களை நினைத்தால் அந்தச் சகுனத்தை நான் மதிக்க மாட்டேன்.

குடும்பம் துணை நிற்கவில்லை, ஊரில் உயிருக்கே ஆபத்து என்றால், இரண்டாவது யோசனையே வேண்டாம். வாழும் நாட்டில் சிவில் திருமணம், உடனே 17-ஆம் பிரிவில் தூதரகப் பதிவு, அதன் பின் உயில். 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு, சிறப்புத் திருமணச் சட்டத்தின் வாரிசுரிமை, விவாகரத்து அத்தியாயங்களை வெளிநாட்டில் நடந்த திருமணங்களுக்கும் நீட்டுகிறது. அதனால் சொத்து பற்றி மேலே சொன்னவற்றை உங்களுக்கும் சேர்த்தே படியுங்கள்.

எந்த வழியானாலும் பதிவைத் தள்ளிப்போடாமலிருக்க இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. துணைவர் வெளிநாட்டுக் குடிமகன் என்றால், திருமணம் பதிவாகி இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து நிலைத்த பிறகுதான் அவர் ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்) அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்கு இந்தியக் குடியுரிமை வேண்டுமென்றால் ஓராண்டுக்குள் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும். அந்த மேசையிலும் பெற்றோரின் திருமணச் சான்றிதழைக் கேட்பார்கள். பாஸ்போர்ட்டில் இருக்கும் எழுத்துக்களே, முதலெழுத்து உட்பட, அந்தச் சான்றிதழிலும் இருக்கும்படி கையெழுத்திடும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.